தாம்பரம் தாண்டி முதல் வீடு: புது லேஅவுட்டில் குடியேறுபவருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் வந்தது. ஆளில்லாத பக்கம் போய் ஐந்து வருடம் குடியிருந்து, நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தால் 160 ஏக்கர் வரை அரசாங்கமே எழுதிக் கொடுக்கும். வடகோடியில் இருக்கும் அலாஸ்காவில் இந்த ஏற்பாடு 1986 வரை நடப்பில் இருந்தது. நமக்கு அந்த யோகம் இல்லை. அகரம்தென்னிலோ மண்ணிவாக்கத்திலோ அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்கவே நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்து, மிச்சத்துக்கு வங்கிக் கடன் போட வேண்டியிருக்கிறது. ஆனால் போய் இறங்கியதும் பார்க்க வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ரோடு இருக்காது, தெருவிளக்கு இருக்காது, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் இருக்காது, ராத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு ஆளும் இருக்காது.

தாம்பரமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஊருக்கு வெளியே காடும் காற்றும் வேண்டும் என்றுதான் டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஜனம் நகர்ந்து வந்தது. இன்றைக்கு அந்த எல்லை முடிச்சூர், வரதராஜபுரம், மாடம்பாக்கம், நெடுங்குன்றம் என்று வெளியே தள்ளிப் போயிருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து இன்னும் வேகமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

லேஅவுட்டில் முதல் வீட்டையோ இரண்டாவது வீட்டையோ கட்டப் போகிறவருக்கானது இது. அடுக்குமாடி வாங்குகிறவர்கள் கடந்து போகலாம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தைப் பார்க்க வக்கீல் கிடைப்பார், கட்டடத்தைப் பார்க்க இன்ஜினியர் கிடைப்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்க உங்களை விட்டால் ஆள் கிடையாது. தென்சென்னைப் புறநகரில் வீட்டின் விதியைத் தீர்மானிப்பது அதுதான்.

படி 1: எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

தாம்பரம் ரயில் தண்டவாளத்தை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போனால் நீங்கள் அடையாற்றின் ஆள். கிழக்கே போனால் பள்ளிக்கரணையின் ஆள்.

மேற்கில் ஆதனூர் ஏரிப் பக்கம் பிறக்கும் அடையாறு மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலை நோக்கிப் போகிறது. 2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீரும் இங்கேயே பெய்த மழையும்தான் முடிச்சூரை மூழ்கடித்தன. அதனால் “செம்பரம்பாக்கத்தை இப்பல்லாம் கவனமாத் திறக்கிறாங்க சார்” என்று புரோக்கர் சொன்னால், அந்த ஆறுதல் உங்கள் மனைக்குப் பொருந்தாது.

கிழக்கில் கணக்கு வேறு. சேலையூர், சிட்லபாக்கம் பக்கத்துத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு இறங்கி, அங்கிருந்து நன்மங்கலம், நாராயணபுரம் என்று ஏரி ஏரியாகத் தாவிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்கிறது. ஒரு ஏரியின் கலங்கல் அடைபட்டால் மேலே இருக்கிற தெருவெல்லாம் நிற்கும். பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் தளம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். அதற்குப் பக்கத்தில் மனை பார்த்தால், கட்டட அனுமதி கிடைக்குமா என்பதைச் சி.எம்.டி.ஏ.வில் எழுத்து மூலம் கேட்டு வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் நவம்பரில் ஒரு முறை போய்ப் பாருங்கள். விற்பவர் ஏப்ரலில்தான் கூட்டிப் போவார். மனைக்குப் பக்கத்தில் மாடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருப்பார். “ஐயா, மழைக்காலத்துல இங்க தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?” என்று கேட்டுவிட்டு, அவர் காலில் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார் என்று கவனியுங்கள். கணுக்கால் என்றால் பேசலாம். முழங்கால் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். இடுப்பு என்றால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 2: காகிதங்கள்

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா. இந்த மூன்றையும் எல்லோரும் கேட்பார்கள். கேட்க மறப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அங்கீகாரம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற காலம் ஒன்று இருந்தது. லேஅவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள். “அப்ளை பண்ணிருக்கோம்” என்பது உத்தரவு ஆகாது. புது லேஅவுட், 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும்.

இரண்டாவது, ரோடும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா? இதை ஒருவரும் கேட்பதில்லை. எழுதித் தராத ரோடு காகிதத்தில் இன்னமும் தனியார் நிலம். அதில் தார் போட, விளக்குப் போட, குழாய் பதிக்க உள்ளாட்சி கை வைக்காது. பத்து வருடம் மனு எழுதுகிற பல நகர்களின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, நிலத்தின் பழைய வகைப்பாடு. புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். பட்டா, சிட்டாவோடு இவையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குள் ஓடையோ வாய்க்காலோ கோடு போட்டிருந்தால், தரையில் அது தெரியாவிட்டாலும் மழைக்கு அது தெரியும். பஞ்சமி நிலமா என்றும் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892 முதல் ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. குடியேறிப் பயிர் செய்யக் கொடுத்த நிலம் என்ற பொருளில், அமெரிக்கச் சட்டத்துக்கு இந்த மாவட்டத்தில் உண்மையாகவே நெருங்கி வந்த ஏற்பாடு அதுதான். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது. எத்தனை கை மாறி, எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் செல்லாது. வாங்கவும் கூடாது.

பதிவுச் செலவு வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் ஆகும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கும் வேலையைப் பத்திரம் பதிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் கோடையில் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தால் வேலை கொஞ்சம் நகரும்.

படி 3: யாருடைய ஆட்சியில் இருக்கிறோம்

தாம்பரம் மாநகராட்சி 2021-ல் வந்தது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், சிட்லபாக்கம், திருநீர்மலை பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்தன. முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் போன்றவை அப்போது ஊராட்சிகளாகவே விடப்பட்டன. ஆகவே தெருவின் இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்கிற கூத்தெல்லாம் உண்டு. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம்; ஒட்டியே இருக்கிற வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஆற்றுக்கு இது தெரியாது, ஆனால் தூர்வாரும் டெண்டருக்குத் தெரியும். வரி ரசீது எந்த அலுவலகத்தில் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த அலுவலகத்தின் வழியையே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 4: மட்டமும் அஸ்திவாரமும்

2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அரை கிரவுண்டுக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. விமானப்படைத் தளத்தை ஒட்டிய மனை என்றால் தடையில்லாச் சான்று பற்றித் தனியாக விசாரியுங்கள்.

அனுமதி கைக்கு வந்ததும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, “பேஸ்மெண்ட் எவ்ளோ ஹைட்டு சார்?” இதற்குப் பதில் இன்றைய ரோட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இன்றைக்கு இருப்பது மண் ரோடு. நாளைக்குக் கப்பி போட்டு உயர்த்துவார்கள், அதன் மேல் தார், சில வருடம் கழித்துப் பழசைச் சுரண்டாமல் இன்னொரு தார். தாம்பரத்தின் பழைய தெருக்களில் வாசல்படி இறங்கி வீட்டுக்குள் போகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 2015-ல் தண்ணீர் நின்ற அடையாளம் பக்கத்து மதிலிலோ கோயில் சுவரிலோ இருக்கும். அதையும் எதிர்கால ரோட்டையும் ஒப்பிட்டு, எது உயரமோ அதற்கு மேல் ஒரு அடி வையுங்கள். சவுடு மண் அடிக்கிற செலவு வலிக்கும். பிறகு தரையை உடைத்து உயர்த்துகிற செலவு அதைவிட வலிக்கும்.

ஏரியை ஒட்டிய இடங்களில் களிமண் இருக்கும். கோடையில் வெடித்து, மழையில் உப்புகிற மண் அது. சில ஆயிரம் ரூபாய்க்கு யோசித்து மண் பரிசோதனையைத் தவிர்த்தவர்களின் சுவர்களில் குறுக்கு விரிசல் ஓடுவதை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளும் வெள்ளத்தை நினைத்தே கட்டுங்கள். மீட்டர் பலகை, மோட்டார் சுவிட்ச், இன்வெர்ட்டர் மூன்றும் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். முடிந்தால் இன்வெர்ட்டர் மாடிப்படி திருப்பத்தில். சம்ப் மூடியின் விளிம்பு தரைக்கு மேலே ஒரு அடியாவது எழும்ப வேண்டும், இல்லையென்றால் தெருத் தண்ணீர் நேரே குடிநீருக்குள் இறங்கும். கழிவுக் குழாயில் பின்னோக்கி வராத வால்வு ஒன்று போடுங்கள். மொட்டை மாடிக்கு வெளிப்படி கட்டாயம் வேண்டும். மீட்புப் படகு வரும்போது நீங்கள் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

படி 5: தண்ணீர்

மனை பார்க்கும்போது நவம்பர். தண்ணீர் பார்க்கும்போது மே. பக்கத்தில் விவசாயக் கிணறு ஏதாவது மிச்சமிருந்தால் மே மாதத்தில் எட்டிப் பாருங்கள்.

இந்தப் பகுதிக்கு அடியில் இருப்பது பல்லாவரத்துக் கரும்பாறை வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கே இங்கிருந்துதான் கல் போனது. கல்லறைக்கு நல்ல கல், போர் போடுகிறவனுக்குச் சோதனை. தண்ணீர் பாறைக்குள் ஊறி நிற்காது. மேலே உளுத்த பாறை அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நிற்கும். அதனால் பக்கத்து மனையில் 150 அடியில் பொங்கியது என்பதற்காக உங்களுக்கும் பொங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வருவார், எல் வடிவக் கம்பியோடு வருகிறவரும் வருவார். வேண்டாம் என்றால் வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பார்க்கட்டும். ஆனால் புவி மின்தடை ஆய்வையும் செய்துவிடுங்கள், இரண்டு முடிவும் ஒத்துப் போகிற மூலையில் தோண்டினால் வீட்டிலும் சமாதானம். சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-லிருந்து இருக்கிறது. அதன் அட்டவணையில் உங்கள் கிராமம் இருந்தால் தோண்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

போர்க்காரரிடம் பேரம் பேசும்போது அடிக்கு எவ்வளவு என்பதைவிட, கேசிங் குழாய் எதுவரை இறக்குவார் என்று கேளுங்கள். கெட்டிப் பாறை தொடும்வரை இறக்காவிட்டால் மேல் மண் சரிந்து, அதோடு மேல்மட்டக் கழிவுநீரும் கலந்துவிடும். முதல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதா, கேன் தண்ணீரே போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

என் அபிப்பிராயத்தில் அரை கிரவுண்டிலும் ஒரு உறை கிணறு நல்லது. ஆறேழு உறை இறக்கி, மொட்டை மாடித் தண்ணீரை மணல், ஜல்லி வழியாக அதற்குள் விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம் என்பதால் பலர் ஒரு குழாயை நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். சென்னையின் வருட மழை 140 சென்டிமீட்டர் அளவில். 1,000 சதுர அடி மாடியில் விழுவது மட்டும் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ரயில் நகரத்துக்கு வந்தது. புறநகரில் இருந்தவர்கள் லாரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படி 6: கழிவு

பாதாளச் சாக்கடை வரும் என்று சொல்வார்கள். வரும்வரை செப்டிக் டேங்க்தான். உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பாடம். 20-க்கு 60 மனையில் அது கையளவு நிலத்தில் கழனி தேடுகிற கதை. குறைந்தபட்சம் ஒன்று முன்பக்க மூலையிலும் மற்றது எதிர்ப்புறப் பின் மூலையிலும் இருக்கட்டும். பக்கத்து மனைக்காரர் நாளைக்கு எங்கே போர் போடுவார் என்பதையும் யோசியுங்கள். டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்காதீர்கள். 2013 சட்டப்படி அது குற்றம், அதற்கும் மேலே உயிர்ப் பலி. லாரி கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அது உங்கள் ஏரிதான்.

படி 7: முதல் வருடம்

கட்டுமானத்துக்குத் தற்காலிக மின் இணைப்பு வாங்க வேண்டும், அதன் கட்டணம் வீட்டு இணைப்பைவிடக் கூடுதல். கம்பி, சிமெண்ட் இறக்கிய ராத்திரியிலிருந்து காவல் தேவை. வாட்ச்மேன் குடும்பம் தங்க ஒரு ஷெட் போடுகிறீர்கள் என்றால், அவர்களுக்கும் ஒரு கழிப்பறை கட்டுங்கள். இதைச் செய்யாத வீடுகள் அதிகம்.

புதர் வெட்டியதும் பாம்பு வெளியே வரும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும்தான் இந்தியாவில் அதிகம் உயிர் குடிப்பவை. இந்த நான்குக்கும் ஒரே முறிமருந்து உண்டு. அதைத் தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பதில் வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. 1978-ல் தொடங்கிய சங்கம் அது. கட்டு விரியன் ராத்திரியில் உலாவும், கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக் கட்டுங்கள், செருப்பைத் தட்டிப் போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அடிப்பது சட்டப்படியும் தவறு, பல கடிகள் அடிக்கப் போகும்போதுதான் நடக்கின்றன.

நெடுங்குன்றம் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதல் தகவல்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ரோட்டைக் கடந்து போன முதலை உண்மையானதுதான். அங்குள்ள ஏரிகளில் சதுப்பு நில முதலைகள் நெடுநாளாகவே இருக்கின்றன. கூச்ச சுபாவம் உள்ளவை. ஏரியில் இறங்கிக் குளிக்காமல் இருந்தால் அவை பாட்டுக்கு அவை, நாம் பாட்டுக்கு நாம்.

படி 8: மரமும் கொல்லையும்

கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் முன்னின்று வளாகம் முழுக்க மரம் வைத்தார்கள். தாம்பரத்தில் இன்றைக்கும் வெயிலில் அந்த மதிலோரம் நடந்தால் வித்தியாசம் தெரியும். இந்த மண்ணில் மரம் வரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கட்டுமானம் முடிந்த மனையில் மேல் மண் செத்துப் போயிருக்கும். சிமெண்டும் செங்கல் தூளும்தான். முதலில் முருங்கைப் போத்து ஒன்றை மதிலுக்குத் தள்ளி நடுங்கள். மழைக்கு முன் கிளையைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்றில் முறிந்து மின்கம்பியில் விழும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழை. நிழலுக்கு வேம்பு, புங்கை. 2016 வர்தா புயலில் சாலையோரத்து மயில்கொன்றைகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன, அதனால் பூவுக்கு ஆசைப்பட்டு அதை வீட்டருகே வைக்க வேண்டாம். கன்றுகளை ஆடியில் நட்டு, ஐப்பசிக்குள் வேர் பிடிக்கவிடுங்கள். அடைமழையில் நட்ட கன்று பெரும்பாலும் அழுகும். கீரையை மழை முடிந்து தையில் ஆரம்பித்தால் சுகமாக வரும். வேலி இல்லாத செடி எருமைக்கு.

படி 9: இரண்டாவது வீடு வந்ததும்

சங்கம் ஆரம்பியுங்கள். இரண்டு குடும்பம் போதும், மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களையும் உறுப்பினராக்குங்கள். காலி மனையில் புதர் வெட்டுகிற செலவுக்கு அவர்கள் பணம் தருவார்கள், கேட்கத்தான் ஆள் இருக்காது. முதல் மனு தெருவிளக்குக்கு எழுதத் தோன்றும். எழுதுங்கள், கூடவே லேஅவுட்டின் மழைநீர் எந்த வாய்க்காலில் போய் எந்த ஏரியில் சேர்கிறது என்று புல வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, அந்த வாய்க்காலின் சர்வே எண்ணோடு இன்னொரு மனு எழுதுங்கள். எண் இல்லாத மனுவை நீர்வளத் துறையா, வருவாய்த் துறையா, உள்ளாட்சியா என்று மூன்று மேசைக்கும் சுற்றவிடுவார்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைக்குப் போங்கள். வருடத்தில் ஆறு முறை நடக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினச் சபை மழைக்கு நடுவில் வருவதால் எல்லோருக்கும் அப்போதுதான் ஆவேசம் வரும், ஆனால் அந்த நேரத்தில் வாய்க்காலுக்குள் இயந்திரம் இறங்க முடியாது. தூர்வாரும் தீர்மானத்தை மே 1 சபையில் நிறைவேற்றி, ஆகஸ்ட் 15 சபையில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.